உப்பு குடித்த தளம்

அக்கா வீட்டு மேல்தளத்திலிருந்து முதல் துண்டு விழுந்தபோது நான் அங்கே இல்லை. மறுநாள் காலையில் போனேன். அதற்குள் அவள் அதைக் கழுவித் துடைத்து, சன்னல் மேடையில் இருந்த மருந்துச் சீட்டுகள் பறக்காமலிருக்க அவற்றின் மேல் வைத்திருந்தாள். உள்ளங்கை அகலம். ஒரு பக்கம் வெள்ளைச் சுண்ணாம்பு. மறுபக்கத்தில் கம்பி கிடந்த தடம், நீளமாக, துருவேறி, காய்ந்த ரத்தத்தின் நிறத்தில்.

"இன்னாக்கா இது?"

"பேப்பர் வெயிட்டு. மேலேருந்து வந்துச்சி. கடையில போய் வாங்கல."

அக்கா ஓய்வுபெற்ற நர்ஸ். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆம்பூரில், பாலாற்றுக்கு இந்தப் பக்கம், இரண்டு அறையும் ஒரு கூடமுமாக அந்த வீட்டைத் தன் சம்பளத்தில் கட்டினாள். தெருவில் எல்லோரும் அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவளை அக்கா என்று கூப்பிட மிச்சம் இருப்பவன் நான் ஒருவன்தான். அடுத்த தெருவில் தனியாக இருக்கிறேன்.

நான் நகராட்சியின் கட்டடப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு வீட்டை எப்படிக் கட்டுவது என்பதைத் தவிர, வீடு கட்டுவதைப் பற்றி மற்ற எல்லாம் எனக்குத் தெரியும். பக்கத்து மனைக்கு எவ்வளவு இடம் விட வேண்டும், கழிவுநீர்க் குழாயை வரைபடத்தில் எந்த நிறத்தில் காட்ட வேண்டும், எந்தக் கடிதம் எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கும், எழுப்புவதற்கு யாரைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் விரல் நுனியில். அக்கா வீட்டு வரைபடத்துக்கு அனுமதி கிடைத்தபோது நான் நெமிலிப் பக்கம் மாற்றலில் இருந்தேன். இங்கே இருந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. வரைபட அனுமதியில் தண்ணீரைப் பற்றி ஒரு வரியும் கிடையாது.

முதல் துண்டுக்குப் பிறகு அக்கா ஒரு வழக்கத்தை ஆரம்பித்தாள். காலையில் காபி குடித்ததும் ஒட்டடைக் கம்பைத் தலைகீழாகப் பிடித்து, அடிப்பக்கத்தால் மேல்தளத்தை அங்கங்கே தட்டிப் பார்ப்பாள். தலையைச் சாய்த்துக் காது கொடுப்பாள். நோயாளியின் நெஞ்சில் விரல் வைத்துத் தட்டும் டாக்டர்களுக்குப் பக்கத்தில் அத்தனை வருடம் நின்றவள் அல்லவா? நன்றாக இருக்கும் இடம் 'டங்' என்று சொல்லும். உள்ளே பிடிப்பு விட்டுப்போன இடம் 'டொப்' என்று சொல்லும். 'டொப்' கேட்ட இடத்தின் கீழே கட்டில் இருந்தால், 'டங்' கேட்கும் இடத்துக்கு அதை இழுத்துப் போட்டுக்கொள்வாள். மழைக்காலம் தொடங்குவதற்குள் கட்டில் அந்த அறையைச் சுற்றி வந்துவிட்டது. 'டங்' என்று சொல்லும் இடமோ நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே போனது.

மேஸ்திரியைக் கூட்டிவந்தேன். அந்தத் தெருவில் பாதி வீடுகளுக்குப் பூச்சு பூசியவர். தலையை அண்ணாந்து ஒருமுறை பார்த்தார்.

"இதுக்குப் போயி இன்னாத்துக்கு சிஸ்டர் பேஜாரு? லூசா கீறதைக் கொத்தி எடுத்துட்டு, கம்பிக்கு ஒரு பெயிண்ட் அடிச்சி, பூசி வுட்டா பளிச்சின்னு ஆய்டும்."

"மூஞ்சிக்கு பவுடர் போடுற மாதிரி" என்றாள் அக்கா.

"அதேதான் சிஸ்டர்."

"உள்ள டிபி இருந்தா?"

மேஸ்திரி சிரித்துக்கொண்டே சாரத்தில் ஏறினார். மதியம் அந்தச் சிரிப்பு இல்லை. அவர் ஒரு பக்கம் கொத்தினால் நாலு அடி தள்ளி மறுபக்கம் உதிர்ந்தது. லூசாக இருப்பதை எடுக்கப் போனவருக்கு, லூசாக இல்லாதது எது என்றே தெரியவில்லை. சுண்டுவிரல் பருமனில் போட்ட கம்பி சில இடங்களில் ஊசியாக இளைத்திருந்தது. விரலால் நெருடினால் தகடு தகடாக உரிந்தது. சாயங்காலம் கையைக் கழுவிக்கொண்டு என்னைத் தெருவுக்குக் கூப்பிட்டார்.

"சார், இது என் கையில இல்ல. ஒரு இன்ஜினியரக் கூட்டியாந்து காட்டுங்க. அதுவரைக்கும் சிஸ்டர அங்க படுக்க வுடாதீங்க."

வந்த இன்ஜினியர் சிறு வயதுக்காரர். சென்னையில் கடற்கரை ஓரத்து வீடுகளில் வேலை பார்த்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பியவர். சின்னச் சுத்தியலால் தட்டினார், தளத்தில் துளைபோட்டுத் தூளை எடுத்துக் காகிதத்தில் மடித்தார், மாடிக்குப் போய் இறங்கினார். அவர் முகம் குழம்பியிருந்தது.

"சார், இது அப்படியே பீச் ஹவுஸ் மாதிரி இருக்குது. உப்புக் காத்து பட்ட வீடுதான் இப்படி ஆவும். இங்க ஏது சார் கடலு?"

"ஆறு இருக்கே" என்றேன்.

"அதுல தண்ணியே இல்லியே."

"ஆமா."

அவர் அக்கா பக்கம் திரும்பினார். "கட்டும்போது எந்தத் தண்ணி சிஸ்டர் யூஸ் பண்ணீங்க?"

அக்கா இதற்காகவே காத்திருந்தவள்போல நிமிர்ந்து உட்கார்ந்தாள். தெருவில் யார் வீட்டில் தளம் போட்டாலும் அவள் சொல்லும் கதைதான் அது.

"நம்ம கெணத்துத் தண்ணிதான். மேல பாத்தி கட்டி, ஒரு மாசம் முழுசா தண்ணி நிக்க வச்சேன். மத்தவங்கல்லாம் ஒரு வாரம் ஊத்திட்டு வுட்டுட்டாங்க. நான் டியூட்டிக்குப் போறதுக்கு முன்னாடி ஊத்துவேன், வந்து யூனிஃபார்ம கூட மாத்தாம ஏறி ஊத்துவேன். குடத்துல, தெரியுமா? மோட்டார் கெடையாது அப்போ. க்யூரிங் மட்டும் இந்தத் தெருவுல என்னை மாதிரி யாரும் பண்ணலன்னு அன்னிக்கி இருந்த மேஸ்திரியே சொன்னாரு."

இன்ஜினியர் வாயைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். மீதியை வாசலில் வைத்துத்தான் சொன்னார். அவர் சொல்லாமலே எனக்குப் பாதி விளங்கியிருந்தது.

தோல் பதனிடும் எங்கள் ஊரில் க்யூரிங் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். தோல் தொழிலில் க்யூரிங் என்றால் பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புப் போடுவது. கட்டட வேலையில் க்யூரிங் என்றால் புதுத் தளம் இறுகுவதற்குத் தண்ணீர் விடுவது. தோலில் போட்ட உப்பு கழுவுத் தண்ணீரோடு தரையில் இறங்கியது, தரையிலிருந்து கிணற்றுக்கு வந்தது. கிணறு உப்பானதும் ஊரில் ஒரு வழக்கம் வந்தது: நல்ல தண்ணீர் குடிக்க, உப்புத் தண்ணீர் கட்டடம் கட்ட. வாயில் வைக்க ஆகாத தண்ணீர் சிமெண்டுக்கு ஆகும் என்று யார் முதலில் சொன்னார்களோ தெரியாது. எல்லோரும் கேட்டுக்கொண்டோம். குடிக்கக் குடம் தூக்கி அலையும் ஊரில் நல்ல தண்ணீரை எடுத்துச் சுவரில் ஊற்றுகிறவனைப் பைத்தியக்காரன் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆகவே கலவைக்கும் அந்தத் தண்ணீர், க்யூரிங்குக்கும் அந்தத் தண்ணீர். அக்கா தன் தளத்துக்கு இரண்டு க்யூரிங்கையும் ஒரே குடத்தில் செய்திருந்தாள்.

"ஒட்டுப்போட முடியாது சார்" என்றார் இன்ஜினியர். "முட்டுக் கொடுத்துட்டு, மொத்தத் தளத்தையும் எடுத்துட்டுப் புதுசா போடணும். ஆனா மொதல்ல அவங்க வெளிய வரணும். எப்ப விழும்னு நான் சொல்ல முடியாது."

அக்கா வெளியே வர மறுத்துவிட்டாள்.

"என் வீட்டுல வந்து இரு, அக்கா. வேலை முடிஞ்சதும் திரும்பி வந்துடலாம்."

"எங்க வார்டுல எத்தினி பேரை அப்படிச் சொல்லி அனுப்பிச்சிருக்கேன் தெரியுமா? ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துடலாம்னு. திரும்பி வந்தவங்க கம்மி. நீ போ."

"தளம் விழுந்துடும்கா."

"உதிரும். விழாது. ஒரு மாசம் தண்ணி காட்டினேன்டா அதுக்கு. என்மேல விழாது."

நான் எனக்குத் தெரிந்த ஆயுதத்தை எடுத்தேன். இடியும் நிலையிலுள்ள கட்டடத்தில் குடியிருப்பவரை வெளியேற்ற நடைமுறை உண்டு. ஆய்வு, அறிக்கை, அறிவிப்பு, விளக்கம் கேட்டல், மறு ஆய்வு, இறுதி அறிவிப்பு. அதில் எல்லாக் கட்டங்களும் ஒழுங்காக முடிந்த கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன். இறுதி அறிவிப்பு போய்ச் சேர்வதற்குள் கட்டடம் தானாகவே விழுந்து, 'மேல் நடவடிக்கை தேவையில்லை' என்று முடித்து வைக்கப்பட்டிருக்கும். இருந்தாலும் சும்மா மிரட்டிப் பார்த்தேன்.

"முனிசிபாலிட்டிலேருந்து நோட்டீஸ் வரும்."

"வரட்டும். அதுல எழுத்துப்பிழை இருக்கும். நீ திருத்திக் குடு."

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவள் ஆராதனைக்குப் போயிருந்த நேரத்தில் அடுத்தது விழுந்தது. பேப்பர் வெயிட் அல்ல. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய துண்டு. நேராகத் தலையணை மேல். நான் போனபோது தேவாலயத்துக்குக் கட்டிய வெள்ளைப் புடவையோடு கட்டிலருகே நின்றிருந்தாள். தலையணையின் நடுவில் பள்ளம். படுக்கை முழுக்கத் துருத்தூள்.

"பாத்தியா?" என்றாள். குரலில் ஒரு வெற்றி இருந்தது. "நான் இல்லாதப்போதான் விழுது. நான் இருந்தா விழாது."

அவளுக்கு நல்ல மூளை. ஒரு வார்டையே ஒற்றை ஆளாக நடத்தியவள். இப்படி ஒரு தர்க்கத்தை நோயாளி யாராவது அவளிடம் சொல்லியிருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பாள். அந்த ஒரு மாத நம்பிக்கைதான் அவளை அந்தக் கட்டிலில் படுக்க வைக்கிறது, அதை எடுக்காமல் அவளை எடுக்க முடியாது என்று அப்போது எனக்குப் புரிந்தது. அதற்கு எந்த நடைமுறையும் எனக்குத் தெரியவில்லை.

"அக்கா, அந்தத் தண்ணிதான்."

"எந்தத் தண்ணி?"

"நீ ஊத்துனது. கெணத்துத் தண்ணி. உப்பு உள்ள எறங்கி கம்பிய தின்னுடுச்சி. அன்னிக்கே இன்ஜினியர் சொன்னாரு."

அவள் என்னைப் பார்க்கவில்லை. தலையணையைப் பார்த்தாள். பிறகு மேலே, கம்பிகள் விலா எலும்பு போலத் தெரிந்த இடத்தைப் பார்த்தாள்.

"கலவையிலும் அதே தண்ணிதான்" என்றேன், வேகமாக. "அதுதான் ஜாஸ்தி கெடுத்துது. மேல ஊத்துனது கம்மிதான்."

"கலவை போட்டது அப்போ இருந்த மேஸ்திரி. ஊத்துனது நான்."

"எல்லாரும் அதான் பண்ணாங்க."

"எல்லாரும் ஒரு வாரம். நான் ஒரு மாசம்." தலையணை மேலிருந்த துருத்தூளைத் தட்டிவிட்டு, "அப்போ ஒரு மாசம் முழுக்க சலைன் ஏத்தியிருக்கேன்" என்றாள். சிரிக்கத்தான் முயன்றாள் என்று நினைக்கிறேன்.

அன்றே என்னோடு வந்துவிட்டாள். நான் நினைத்ததைவிடச் சுலபமாக வந்துவிட்டாள். அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. ஒரு பையில் துணி, மருந்து. பூட்டைக்கூட நான்தான் பூட்டினேன்.

பழைய தளத்தை உடைக்க அதிக நாள் பிடிக்கவில்லை. உடைப்பதற்கு அதில் மிச்சம் ஒன்றும் இல்லை என்றார் மேஸ்திரி. அடித்தபோது சத்தம்கூடக் கனமாக வரவில்லை. புதிய தளத்தை நான் விதிமுறைப்படி நடத்தினேன். கம்பிக்கு மேற்பூச்சு, கம்பிக்கடியில் சிறு சிமெண்டுக் கட்டை வைத்து இடைவெளி, கலவைக்கு மாதிரிச் சோதனை. தண்ணீர் ஆலங்காயம் பக்கத்து மலையடிக் கிணற்றிலிருந்து டேங்கரில் வந்தது. பரிசோதனைக்கு அனுப்பி, நல்லது என்று தாளும் வாங்கி வைத்தேன். என் வாழ்நாளில் ஒரு நடைமுறையை ஒருவரும் கேட்காமலே முழுசாகப் பின்பற்றியது அந்த ஒருமுறைதான்.

தளம் போட்ட அன்று அக்காவைக் கூட்டிப்போனேன். மேஸ்திரி, "சிஸ்டர், மேல வந்து பாருங்க, மொதக் கலவை நீங்கதான் கொட்டணும்" என்று கூப்பிட்டார். ஏறவில்லை. தெருவில் டேங்கர் பக்கத்திலேயே நின்றாள். குழாயிலிருந்து வழிந்த தண்ணீரை உள்ளங்கையில் பிடித்து வாயில் வைத்துப் பார்த்தாள். மறுபடி பிடித்தாள்.

"உப்பு இருக்குதுப்பா" என்றாள் டிரைவரிடம்.

அவர் பதறிப்போனார். "சிஸ்டர், இது குடிக்கிற தண்ணி. ஓட்டலுக்கெல்லாம் இதான் ஊத்துறேன். எளநி மாதிரி இருக்கும். இன்னா சார், நீங்களே சொல்லுங்க."

நான் பிடித்துக் குடித்தேன். உப்பு இல்லை.

"உப்பு உங்க வாயில கீதா, என் தண்ணில கீதா?" என்றார் டிரைவர், பாதி வேடிக்கையாக.

"அதான் தெரியல" என்றாள் அக்கா.

பிறகு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள். நான் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். முதலில் ஓரிரு நாள், "ஊத்துனாங்களா?" என்று கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை. நானாகச் சொன்னாலும், "ஊத்துறவன் ஊத்தட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அவள் சும்மா படுத்துக்கொள்வதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

முட்டு எடுத்து, பூச்சு முடிந்து, வெள்ளை அடித்த பிறகு அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட்டேன். அவள் பயந்ததுபோல் நடக்கவில்லை. திரும்பி வந்துவிட்டாள். புது மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றியது. கட்டிலை முதன்முதலில் அது இருந்த இடத்திலேயே, சன்னலோரம் போட்டேன். ஒட்டடைக் கம்பு மூலையில் சாய்ந்திருந்தது. அதைக் கண்டதும் எடுத்துத் தட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தட்டிப் பாருக்கா."

"நீ தட்டு."

நான் கம்பைத் தலைகீழாகப் பிடித்து, கட்டிலுக்கு நேர்மேலே தட்டினேன். 'டங்' என்றது. நடுவில் தட்டினேன். மூலைகளில் தட்டினேன். எங்கும் 'டங்', கோயில் மணி போல.

"நல்லாயிருக்குதுக்கா."

அவள் மேலே பார்க்கவில்லை.

"அப்பவும் அப்படித்தான் இருந்துச்சி" என்றாள்.