வத்தல் வேட்டியும் என் வெயில் கணக்கும்

தொண்ணூற்று நான்கில், சித்திரை முதல் தேதியிலிருந்து, பாளையங்கோட்டையில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் மொட்டை மாடியில் ஒரு சட்டித் தண்ணீரை அளந்து வந்தேன். காலை ஆறு மணிக்கு அந்த அலுமினியச் சட்டியில் ஒரு கோடு வரை தண்ணீர் ஊற்றுவேன். மாலை ஆறு மணிக்கு அலுவலகத்திலிருந்து வந்ததும் மர ஸ்கேலை உள்ளே நிறுத்தி, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று நோட்டில் எழுதுவேன். கடல் தண்ணீரை மேலே தூக்கி மேகமாக்குவது வெயில்தான் என்று பல புத்தகங்களில் படித்திருந்தேன். எங்கள் மாடியிலிருந்து அது தினமும் எவ்வளவு தூக்குகிறது என்று ஒரு புத்தகமும் சொல்லவில்லை. அதனால் நானே இறங்கினேன்.

கீழ் வீட்டில் ஓர் இயற்பியல் வாத்தியார் இருந்தார். கோடை விடுமுறையானதால் வாசலிலேயே இருப்பார்.

"என்ன வே, இன்னைக்குச் சூரியன் எத்தனை டம்ளர் குடிச்சாரு?" என்பார்.

ஒரு சென்டிமீட்டர், சில நாள் அதற்குச் சற்றுக் குறைவு. ஒரு மாதத்துக்கு மேல் இதுதான் என் பதில்.

வைகாசி இரண்டாவது வாரம் திங்கட்கிழமை, ஒரே நாளில் மூன்று சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. இரண்டு முறை ஸ்கேலை விட்டுப் பார்த்தேன். செவ்வாயும் அப்படியே. அக்கினி நட்சத்திரத்தின் உச்சம் என்று நோட்டில் சிவப்பு மையால் எழுதினேன்.

அதே திங்கட்கிழமைதான் என் மனைவி மாடியில் வத்தல் போட்டிருந்தாள். ஏரலில் என் அக்கா மகளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். பந்திக்கு வத்தல் தன் பொறுப்பு, கடையில் வாங்கவே கூடாது என்று அக்காவிடம் இவளாகவே சொல்லிவிட்டு வந்திருந்தாள். பிறர் கொடுத்த வாக்கை என் அக்கா மறக்கிறவள் அல்ல. இவள் விடிவதற்கு முன்பே கூழ் காய்ச்சி, நான் அலுவலகம் கிளம்பியதும் நீளமான வேட்டியை நனைத்து விரித்து, வரிசை வரிசையாக ஊற்றினாள். நான் நோட்டும் கையுமாகத் திரும்புவதற்குள் வேட்டியை வத்தலோடு சுருட்டிக் கீழே கொண்டுவந்துவிடுவாள்.

புதன்கிழமை மாலை அவள் முகம் சரியில்லை.

"ஒரு பாதி சலசலன்னு காஞ்சு கிடக்கு. மறுபாதி மூணு நாளாக் கூழாவே இருக்கு. புளிச்ச வாடை வேற அடிக்குது."

"தண்ணித் தொட்டி நிழல் விழுந்திருக்கும்."

"உங்க சட்டிப் பக்கம் நிழல் எங்கன விழுது? அந்தப் பாதிதான் காயல."

"அங்கன வெயில் இல்லன்னு மட்டும் சொல்லாத. சட்டியில மூணு சென்டிமீட்டர் இறங்கியிருக்கு."

"உங்க நோட்டுல அடிக்கித வெயில் என் வத்தல்ல அடிக்க மாட்டேங்கு. சனிக்கிழமை காலையில பஸ் ஏறணும். மதினி முன்னால நான் வெறுங்கையோட நிக்கவா? நாளைக்கு லீவு போட்டு உங்க வெயிலுக்கு நீங்களே காவல் இருங்க."

லீவு போட்டேன். வியாழன் மத்தியானம் வாத்தியாரையும் அழைத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். வேட்டியின் மூன்று மூலைகளில் செங்கல் இருந்தது. மேல்காற்றில் பறக்காமல் இருக்க, நாலாவது மூலையை என் சட்டித் தண்ணீருக்குள் விட்டு, மேலே ஒரு கல்லை வைத்திருந்தாள். வேட்டி தண்ணீரை உறிஞ்சி விளிம்பைத் தாண்டிக் கீழே இறக்கிக்கொண்டிருந்தது. வத்தலுக்கு அடியில் பாதித் துணி சொதசொதவென்று ஈரம்.

வாத்தியார் உட்கார்ந்து சிரித்தார்.

"நல்லா இருக்கு வே. சூரியன் குடிச்சது ஒரு பங்கு, உம்ம வேட்டி குடிச்சது ரெண்டு பங்கு."

என் மனைவி சிரிக்கவில்லை. "அஞ்சு செங்கல்ல ரெண்டைக் காணோம். நான் என்ன செய்ய?"

இரண்டும் சட்டிக்கு அடியில் இருந்தன. தரைச் சூடு சேர்ந்தால் கணக்குத் தப்பும், சட்டியை உயர்த்தி வையும் என்று ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சொன்னவர் இதே வாத்தியார். உயர்த்தியதால்தான் தண்ணீர் அவ்வளவு சுகமாகக் கீழே வழிந்தது. அதை நான் சொன்னதும் அவர் சிரிப்பைக் குறைத்துக்கொண்டு, எழுந்து, தம் கையாலேயே ஒரு செங்கலை எடுத்து நாலாவது மூலையில் வைத்தார். பிறகு மேற்கே கையைக் காட்டினார்.

"நோட்டுல உள்ளதை அழிக்காதேயும். இதையும் எழுதும். வெறும் தண்ணியை விட நனைஞ்ச துணியிலதான் வெயில் மேயுறதுக்கு இடம் ஜாஸ்தி. நம்ம வயல், வாழைத் தோட்டம் எல்லாம் என்ன? ஆத்துல முக்கின வேட்டிதான்."

வெள்ளிக்கிழமை காலை வெயில் நன்றாக ஏறியது. பத்து மணிக்குப் பொதிகைப் பக்கம் ஒரு மேகம் எழுந்தது. அரபிக்கடலில் வெயில் தூக்கிவிட்ட தண்ணீர் மலையில் ஏறி ஆறாக இறங்குவதை எத்தனையோ முறை வியந்து எழுதியவன் நான். அன்றைக்கு மட்டும் அது மலைக்கு அந்தப் பக்கமே நின்றால் போதும் என்றிருந்தது. மனைவி படிக்கட்டில் நின்று மேகத்தைப் பார்த்தாள்; நான் அவளைப் பார்த்தேன். மேகம் தெற்கே ஒதுங்கியது. மூன்று மணிக்கு அவள் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து வத்தலை உரித்தாள். உரித்ததைத் தாம்பாளங்களில் பரப்பி, பொழுது சாயும்வரை காயவைத்தாள். ஒரு கைப்பிடி கூட வீணாகவில்லை.

சனிக்கிழமை ஏரல் பஸ்ஸில் இரண்டு டின்களும் அவள் மடியிலேயே இருந்தன. வழியெல்லாம் வாழைகள். ஆற்றில் முக்கிய வேட்டிகளை எண்ண ஆரம்பித்து, விட்டுவிட்டேன்.

ஞாயிறு பந்தியில் வத்தல் நன்றாகப் பொரிந்து வந்தது. பாதி வெறும் உப்பு, பாதியில் லேசான புளிப்பு. புளிப்பு வத்தலுக்குத்தான் ஆட்கள் மறுபடி கை நீட்டினார்கள். அக்கா ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு இவளிடம் வந்தாள்.

"கடைச் சரக்கு தோத்துது போ. இதுல மோர் எவ்வளவு விட்டே?"

என் மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை.

"கண் அளவுதான், மதினி. மூணு நாள் பைய விடணும்."