சந்தனம் பூசிய கம்ப்யூட்டர்

பிள்ளைகளா, இப்போது நீங்கள் இருவரும் ஆளுக்கொரு கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறீர்கள். திருமுல்லைவாயிலில் நீங்கள் படித்த பள்ளிக்கூடத்துக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த வருஷம் நடந்ததை எழுதி வைக்கிறேன். பெரியவளுக்குப் பாதி தெரியும். சின்னவள் அப்போது ஒண்ணாம் வகுப்பு, அவளுக்கு ஒன்றுமே தெரியாது. அதனால் பெரியவளை யாரோ ஒரு பிள்ளையைப் போலவே எழுதப்போகிறேன். கோபித்துக்கொள்ளக் கூடாது.

தொண்ணூறுகளின் நடுவில் அது. ஏதோ ஒரு கம்பெனி புதுசு வாங்கிக்கொண்டு பழையதைப் பள்ளிக்குக் கொடுத்தது. வைக்க வேறு இடமில்லாமல் நூலக அறையில் வைத்தார்கள். நூலக அறை என்றால் மூன்று பீரோ, ஒரு நீள மேசை, ஜன்னல் வழியே வரும் ரயில் சத்தம், அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, மணி அடித்த பிறகு உட்கார வைப்பார்கள். பெரியவளுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் வரும். மற்ற நாட்களில் பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் கீபோர்டு வரைந்து, அதில் விரல் பழகுவாள். அவளுக்கு அதுதான் அப்போது உலகம்.

ஆயுத பூஜை வந்தது. விடுமுறைக்கு முந்தின நாள் பள்ளியிலும் பூஜை. பெற்றோர் சங்கத்தில் நானும் ஒருவன் என்பதால் போயிருந்தேன். அம்பத்தூர் எஸ்டேட் தொழிற்சாலையில் லேத் மெஷின் ஓட்டுகிறவன் என்று எல்லோருக்கும் தெரியும். “மெஷினுக்குப் பொட்டு வைக்கிறது உங்களுக்குத்தானே கைவந்த வேலை, நீங்களே வைங்க” என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

லேத்தில் எங்கெங்கே அசைவு உண்டோ அங்கெல்லாம் பொட்டு வைப்போம். ஒரு இடத்தை விட்டாலும் மெஷினை அவமதித்த மாதிரி. அந்தப் பழக்கத்தில் கம்ப்யூட்டருக்கும் வைத்தேன். திரைக்குப் பட்டை போட்டேன். கீபோர்டு ஓரத்தில் குங்குமம். பெட்டியின் முகப்பில் டிஸ்க் போடுகிற நீளக் கீறல் ஒன்று இருந்தது. இதுதான் இதன் வாய் என்று தோன்றியது. பன்னீர் விட்டுக் கரைத்த சந்தனத்தை அங்கே அள்ளிப் பூசினேன். தலைமை ஆசிரியை கற்பூரம் காட்டினார். பொரிகடலை வாங்கிக்கொண்டு திருப்தியாக வீட்டுக்கு வந்தேன்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று கம்ப்யூட்டரில் உட்காரும் முறை பெரியவளுக்கும் அவள் தோழிக்கும். டிஸ்க்கை உள்ளே தள்ளியதும் பெட்டி கரகரவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. தலைமை ஆசிரியை அறையைப் பூட்டிவிட்டார். பீரோக்களும் உள்ளேதானே இருந்தன? மொத்தப் பள்ளிக்கும் புத்தகமும் நின்றுபோனது.

அன்று சாயங்காலம் பெரியவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“எங்க ரெண்டு பேராலதான் கெட்டுச்சுன்னு மேடம் சொல்றாங்கப்பா. கிளாஸ்ல எல்லாம் ‘மெஷினை முழுங்கினவளுங்க’ன்னு கூப்பிடுதுங்க.”

“எதையாவது அழுத்தினீங்களா?”

“இல்லப்பா. நான்தான் டிஸ்க்கை வெளிய எடுத்தேன். மஞ்சளா இருந்துச்சு. சந்தன வாசனை.”

“மேடம்கிட்ட சொன்னியா?”

“பாவாடையில துடைச்சுட்டேன். சொன்னா உன்னைத்தானே கேப்பாங்க?”

அப்பொழுதே எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. மெஷின்காரன் என்று பெயர் எடுத்தவனே மெஷினைக் கெடுத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. பத்து நாள் தள்ளினேன். ஷிப்டு மாறட்டும், கூட்டம் வரட்டும் என்று எனக்கு நானே சாக்கு சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் காலையில் தண்ணீர் குடிக்கப் போனால், குடத்தின் மேல் அந்தக் காலண்டர் அட்டை மூடியாகக் கிடந்தது. எழுத்தெல்லாம் ஈரத்தில் ஊறியிருந்தது. அவளே எடுத்து வைத்திருக்கிறாள்.

வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனேன்.

“மேடம், மெஷினைக் கெடுத்தது பிள்ளைங்க இல்ல. நான்.”

“நீங்க எப்போ தொட்டீங்க?”

“பூஜையில. டிஸ்க் போடுற வாயில சந்தனம் வெச்சேன். கொஞ்சம் தாராளமா.”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “இன்னும் கொஞ்சம் வைங்கன்னு சொன்னதே நான்தானேய்யா” என்றார்.

ஆவடியிலிருந்து மெக்கானிக் வந்தார். பெட்டியைத் திறந்தவர் என்னைத்தான் பார்த்தார்.

“இன்னா அண்ணாத்தே, மூக்குல சந்தனத்த அடைச்சிகினா மெஷினு எப்டி மூச்சு வுடும்? வுட்டா அலகு குத்தி காவடியே தூக்க வெச்சிருப்பீங்க போல கீதே!”

ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துத் துடைத்து, மதியச் சாப்பாட்டு மணிக்குள் ஓட வைத்துவிட்டார்.

ஆனாலும் அறையைத் திறக்கத் தலைமை ஆசிரியைக்குத் தயக்கம். “நூலகத்துக்குன்னு ஆள் இல்ல. இன்னொரு தடவை கெட்டா மேல இருக்கிறவங்க என்னைத்தான் கேப்பாங்க. பூட்டியே இருந்துட்டா தொல்லை இல்ல.”

“முதல் ஷிப்டு வாரத்துல மூணரைக்கு விட்டுடுவாங்க மேடம். சைக்கிள்ல வந்து நான் உக்கார்றேன். மத்த வாரத்துக்கு சங்கத்துல இன்னொருத்தரைப் பேசி வைக்கிறேன்.”

“நீங்க உக்காந்து என்ன பண்ணுவீங்க?”

“ஒண்ணும் பண்ண மாட்டேன். மெஷினுக்கு அதான் நல்லது.”

சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் தைரியம் வந்து இன்னொன்றும் கேட்டேன். அந்த இரண்டு பெண்கள்மேல் தப்பு இல்லை என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். “நீங்களே சொல்லுங்க” என்று மறுநாள் பிரார்த்தனை நேரத்தில் என்னைக் கொடிக்கம்பத்தின் அருகே நிறுத்திவிட்டார்.

மேடையில் பேசிப் பழக்கமில்லை. சந்தனம் வைத்ததையும் பத்து நாள் பேசாமல் இருந்ததையும் சொன்னேன். பள்ளிக்கூடமே சிரித்தது. ஒன்பதாம் வகுப்பு வரிசையிலிருந்து ஒரு குரல், “அப்போ மெஷினை முழுங்கினது உங்கப்பாடீ!” என்றது. பெரியவளும் சிரித்தாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்த வாரம் அறை திறந்தது. இரண்டு பேர் கீபோர்டில், பத்துப் பன்னிரண்டு பேர் மேசையைச் சுற்றிப் புத்தகத்தோடு. நான் வாசல் ஓரத்தில் ஸ்டூல் போட்டு, சொன்னபடி ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். ஐந்தரைக்கு எல்லோரையும் அனுப்பினேன். பெரியவளையும் தோழியோடு முன்னால் போகச் சொன்னேன்.

ஜன்னலைச் சாத்தப் போனபோது, கடலின் ஆழத்தைப் பற்றிய மெல்லிய புத்தகம் ஒன்று மேசையில் கிடந்தது. நின்றபடியே இரண்டு பக்கம் படித்தேன். ஒரு ரயில் போனது. இன்னும் இரண்டு பக்கம் படித்தேன். பிறகு புத்தகம் கொடுக்கிற நோட்டை இழுத்து, தேதி, புத்தகத்தின் பெயர், என் பெயர் எல்லாம் எழுதினேன். அடுத்த கட்டத்தில் ‘வகுப்பு’ என்று இருந்தது. நான் படிப்பை நிறுத்திய இடத்தை யோசித்துப் பார்த்து, ‘எட்டு’ என்று எழுதினேன்.