ஆயிரத்தொன்பதாவது விளக்கு

என் அக்கா நாச்சம்மாளைக் கட்டிய பொங்கியண்ணன் மச்சானுக்குத் தொழில் டைல்ஸ் ஒட்டுவது. கொல்லங்கோட்டைச் சுற்றி அவர் கைபடாத வீடு குறைவு. எந்த எண்ணைப் பார்த்தாலும் அதை வரிசையாகப் பிரித்துப் போட்டால்தான் மனுசனுக்குச் சோறு இறங்கும். முன்னால் போகும் லாரியின் நம்பரைக்கூட விடமாட்டார். அவர் பின்னால் பைக்கில் உட்கார்ந்து போவது பெரிய இம்சை.

எங்கள் ஊர் மாரியம்மன் கோவிலில் வருசா வருசம் ஆயிரத்தெட்டு விளக்கு வைப்போம். வரிசை போடுவது மச்சான்தான். முப்பத்தாறு வரிசை, வரிசைக்கு இருபத்தெட்டு விளக்கு, ஒன்றும் மிஞ்சாது. இந்த வருசம் வேண்டுதல்காரர்களின் பேர் எழுதியது அக்கா. முட்டி ஆபரேஷன் முடிந்து அவள் கோவிலுக்கு நடந்து வந்த முதல் வருசம். ஆயிரத்தெட்டும் நிறைந்ததும், மொய்யில் நூறோடு ஒன்று சேர்ப்பதுபோலத் தன் பேரில் ஒரு விளக்கைச் சேர்த்துவிட்டாள். மச்சானிடம் சொல்லவில்லை, மகராசி.

சாயங்காலம் கோடு போட்டு விளக்கை அடுக்கினால் ஒன்று மிச்சம். மச்சான் வேறு வரிசைக்குப் பிரிக்கப் பார்த்தார். இரண்டில் தொடங்கி முப்பத்தொன்று வரை வகுத்தும் எதிலும் மீதியில்லாமல் போகவில்லை. முப்பத்திரண்டு முப்பத்திரண்டே ஆயிரத்தொன்பதைத் தாண்டிவிடும், அதற்குமேல் பார்ப்பது வீண் என்று சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டார். அது பகா எண். எத்தனை வரிசையாகப் பிரித்தாலும் சமமாக வராது.

கோவில் கமிட்டித் தலைவர் அர்த்தநாரி, மிஞ்சியதைப் படியோரம் வைத்துவிடலாம் என்றார். அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது.

"என்ற வெளக்குத்தானுங்க, படியிலயே இருக்கட்டும்" என்றாள்.

மச்சான் அவளை நிமிர்ந்து பார்த்தார். "உன்ற வெளக்கு வெளிய நிக்கறதுன்னா, நான் எதுக்கு வரிசை போடோணும்?"

ஆறு மாதம் கட்டிலில் கிடந்தவள் ஆசையாகச் சேர்த்த ஒரே விளக்கு அது.

மச்சான் தரையில் போட்ட கோடுகளையே முறைத்துக்கொண்டு நின்றார். பிறகு கடைசி எட்டு வரிசையை எடுக்கச் சொன்னார். கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டாக ஒரு சதுரம் நின்றது. எடுத்தது இருநூற்றிருபத்துநான்கு. அக்காவின் விளக்கைக் கையில் வாங்கிக்கொண்டு, "இதோட இருநூத்திருவத்தஞ்சு. பதினஞ்சுக்குப் பதினஞ்சு" என்றார். பக்கத்துக் கருப்பராயன் சன்னதி முன்னால் இரண்டாவது சதுரம் போட்டோம். சதுரத்துக்கு இடம் கணக்காக இருந்தது.

அக்காவின் விளக்கை மட்டும் கடைசிவரை கையிலேயே வைத்திருந்தார். பிறகு அந்தச் சின்னச் சதுரத்துக்குள்ளே போய் நடுவில் வைத்தார். பெரிய சதுரத்தில் நடு விளக்கு என்று ஒன்று கிடையாதாம், அது இரட்டைப்படை. இதில் உண்டு. எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் எட்டாவது என்றார்.

அக்கா அவர் பேச்சை நம்பவில்லை. சரி செய்த முட்டியோடு நான்கு பக்கமும் மெதுவாக நடந்து, விரல் நீட்டி எண்ணிப் பார்த்தாள். நான்கு பக்கமிருந்தும் எட்டாவதாக அவள் விளக்குத்தான் இருந்தது.