ஞானதாஸ் ஸ்டூடியோவுக்கு எதிர்க்கடை

சகாயராணி ஆப்பிரிக்காவுக்குப் போனது சேவை செய்ய அல்ல; ஞானதாஸின் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட. ஊர்தான் அதைச் சேவை என்று நினைத்துக்கொண்டது. பூசையில் பெயர் சொல்லி ஜெபித்தார்கள். இவளும் புனிதவதி மாதிரி தலையைக் குனிந்து நின்றாள்.

வயிற்றெரிச்சல் 1990-இல் தொடங்கியது. திண்டுக்கல்லில் ஸ்டூடியோ வைத்திருந்த ஞானதாஸிடம் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் போட்டோ எடுத்தாள். அவள் நல்ல கறுப்பு. அந்த மனுஷன் யாரையும் கேட்காமல், கறுப்பு வெள்ளைப் படத்தில் அவளை வெள்ளைக்காரி ஆக்கிக் கொடுத்துவிட்டார். ஆத்தூரிலிருந்து வந்தவர்கள் போட்டோவைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள்.

"இதுல இருக்கது வேற பொண்ணுல்ல?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்கள். ஏமாற்றுக்காரக் குடும்பம் என்று பேச்சுப் பரவியது. பிறகு வந்த சம்பந்தங்களும் பாதி வழியில் நின்றுபோயின.

மறு வருஷம் அவள் ஞானதாஸிடமே வேலை கேட்டுப் போய் நின்றாள். தொழிலைக் கற்றுக்கொண்டு, எதிரிலேயே கடை போட்டு, அந்த ஆளை ஈ ஓட்ட விட வேண்டும். தப்புப் பண்ணிவிட்டேன் என்று அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காக ஒன்பது வருஷம் அவருடைய டார்க் ரூமில் மருந்து நாற்றத்தோடு நின்றாள். பிரிண்ட் போடும்போது பேப்பரில் முகம் விழும் இடத்துக்கு மேலே அட்டையை ஆட்டி வெளிச்சத்தைச் செத்த நேரம் மறைத்தால் முகம் வெளுத்துவிடும். அதெல்லாம் அவளுக்குக் கைப்பழக்கமாகிவிட்டது.

தான்சானியாவில் கன்னியாஸ்திரியாக இருந்த சிஸ்டர் பிரிஸ்கில்லா, இரண்டாயிரத்தில் லீவுக்கு வந்தார். அங்கே ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுக்கச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். டிக்கெட்டும் சாப்பாடும் உண்டு, சம்பளம் கிடையாது என்றார். 'வெளிநாட்டில் பயிற்சி அளித்தவர்' என்று கடை போர்டில் எழுதினால் ஞானதாஸ் அதோடு தொலைந்தார் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு சகாயராணி உடனே தலையாட்டினாள்.

அங்கே இருபது பிள்ளைகள், மூன்று பழைய கேமரா. முதல் வாரம் நேமா என்ற ஒன்பது வயதுச் சிறுமியைப் படம் எடுத்து, கழுவி, பிரிண்ட் போட்டுக் கொடுத்தாள். சிறுமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னாள்.

"இது நான் இல்லங்குறா. யாரு இதுன்னு கேக்குறா" என்றார் சிஸ்டர்.

சகாயராணிக்குச் செருப்பால் அடித்தது போலிருந்தது. 'பாவி மனுஷா, உன் புத்தி கடல் தாண்டியும் என் கையில ஒட்டிக்கிட்டு வந்திருச்சே' என்று ஞானதாஸைத்தான் திட்டினாள். அட்டையை எறிந்துவிட்டு வேறு பிரிண்ட் போட்டாள். நேமா சிரித்துக்கொண்டே கேமராவைப் பிடுங்கி அவளையே ஒரு படம் எடுத்தாள். சகாயராணி தன் முகத்தை உள்ளது உள்ளபடி படத்தில் பார்த்தது அன்றைக்குத்தான். அழகாகத்தான் இருந்தாள். இத்தனை வருஷம் பாழாய்ப்போனதே என்று அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

ஒரு வருஷம் கழித்துத் திரும்பி வந்து, நினைத்தபடியே எதிர்க்கடை திறந்தாள். நேமா எடுத்த படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, ஞானதாஸ் ஷட்டரைத் தூக்கியதும் கண்ணில் படுகிற மாதிரி வாசலில் மாட்டினாள். கல்லூரிப் பெண்களெல்லாம் இந்தப் பக்கம் சாய்ந்தார்கள். மூன்றாம் மாதம் ஞானதாஸே தெருவைக் கடந்து வந்தார்.

"நல்லா வந்திருக்கு புள்ள. செத்த கலர் ஏத்திருக்கலாம்."

பதினோரு வருஷக் கோபம் பொங்கிவிட்டது. "ஏத்துனீங்களே அண்ணே, தொண்ணூறுல! அந்தப் போட்டோவாலதான் ஆத்தூர்க்காரவுக என்னைய வேற பொண்ணுன்னுட்டு எந்திரிச்சுப் போனாக. என் வாழ்க்கையே போச்சு. தப்புன்னு சொல்லுங்க!"

ஞானதாஸ் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். அவருக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை.

"இருக்கும் தாயி. எல்லாருக்கும் செய்றதுதான? ஒம்பது வருசமா அம்புட்டுப் பொண்ணுகளுக்கும் நீதான ஏத்திக் குடுத்த? நான் ஒண்ணும் கையப் பிடிச்சு ஆட்டலயே."

கேலியாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, போட்டோவை இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

சகாயராணி ஸ்டூலில் உட்கார்ந்தாள். ரெட்டியார்சத்திரத்துப் பெண், நெய்க்காரப்பட்டியிலிருந்து வந்த அக்கா தங்கை, பெயர் மறந்த எத்தனையோ பேர். அத்தனை பேரும் கறுப்பு. எந்தெந்த வீட்டில் யார் யார் காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்களோ தெரியாது. அவர்களில் ஒருத்திகூட இன்னும் அவளைத் தேடிக்கொண்டு வரவில்லை.