பதினேழாம் பக்கம்

என் அக்காவுக்குக் கடல் என்றால் பயம். அதைச் சொல்லாமல் அவளைப் பற்றி எதைச் சொன்னாலும் அரைகுறையாகத்தான் இருக்கும். கடலில் இருக்கும் உயிர்களைக் காப்பாற்றச் சொல்லிப் புத்தகம் எழுதியவள், ஒரு நாளும் கணுக்காலுக்கு மேல் கடல் தண்ணீரில் நனைந்ததில்லை. கடற்கரைக்கு வந்தாலும் செருப்பைக் கழற்றாமல் ரோட்டோரச் சுவரை ஒட்டியே நடப்பாள். உனக்கும் கடலுக்கும் என்ன வாய்க்கா வரப்புத் தகராறு என்று நான் கேலி செய்வேன். அவள் சிரிக்க மாட்டாள்.

அவளுக்கு வேலை நகராட்சி அலுவலகத்தில், பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில். மூன்றாம் நம்பர் ஜன்னல். பின்னால் இரண்டு இரும்பு பீரோ, கண்ணாடி போட்ட மேஜை, சுற்றும்போதெல்லாம் டிக் டிக் என்று சத்தம் போடும் மின்விசிறி. அங்கே உட்கார்ந்து இருபத்திரண்டு வருடமாக அவள் பதிவேட்டின் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருக்கிறாள். பெயர், வயது, முகவரி, காரணம். காரணம் என்ற கட்டத்தில் 'கடலில் மூழ்கி' என்று எத்தனை முறை எழுதியிருப்பாள் என்று அவளுக்கே கணக்குத் தெரியாது. பயம் அப்படி வந்ததுதான். அது புரிந்த பிறகு கேலியை நிறுத்திக்கொண்டேன்.

ஒரு நாள் வேலைக்கு வரும் வழியில், கழுத்தில் வலை இறுகிச் செத்துக் கிடந்த ஒரு ஆமையைப் பார்த்தாள். பெரிய ஆமை. நாலு பேர் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார்கள், அப்புறம் குப்பை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போனது. சாயங்காலம் நேராக என் அச்சகத்துக்கு வந்தாள்.

"மனுஷன் செத்தா பதினோரு கட்டம் இருக்குடா. அதுக்கு ஒண்ணுகூட இல்ல," என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் ஆரம்பித்ததுதான் புத்தகம். ஆறு மாதம் எழுதினாள். நூலகத்தில் படித்தாள், படகுக்காரர்களை ஜன்னலில் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டாள், படமும் அவளே வரைந்தாள். ஒவ்வொரு பக்கத்தையும் என் மகளிடம் படித்துக் காட்டுவாள். குட்டிக்கு அப்போது எட்டு வயது. அவள் கொட்டாவி விட்டால் அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரே கோடு, அடித்துவிடுவாள்.

இனிமேல் சொல்லப்போவதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் மிஷினில் ஒரு தாளை அடித்து மடித்தால் பதினாறு பக்கம் வரும். அக்கா கொண்டுவந்தது பதினேழு. ஒரே ஒரு பக்கத்துக்காக இன்னும் நாலு பக்கம் கூட்டவேண்டும், மூன்று பக்கம் வெள்ளையாகப் போகும். தொழில் தெரிந்தவன் எவனும் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டான். ஏதாவது ஒன்றை எடு என்றேன். அவள் தாள்களைப் பரப்பிவைத்துக்கொண்டு, பிள்ளைகளில் ஒன்றை விட்டுக்கொடுக்கச் சொன்னதுபோல உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பொறுமை கிடையாது. நானே குனிந்து ஒரு பக்கத்தின்மேல் விரலை வைத்தேன்.

"இதத் தூக்கு. புள்ளைங்கள எதுக்கு பயமுறுத்தணும்?"

'பார்க்கலாம், தொடக் கூடாது' என்று தலைப்புப் போட்ட பக்கம் அது. அக்கா அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். தன்னைப்போல எந்தப் பிள்ளையும் கடலைக் கண்டு பயந்துவிடக் கூடாது என்பதுதான் அவள் ஆசை. சரி என்றாள்.

ஆயிரம் பிரதி அடித்தேன். எண்ணூறு பள்ளிக்கூடங்களுக்குப் போனது. மீதியை அவள் ஜன்னலில் அடுக்கிவைத்துக்கொண்டாள். பிறப்புச் சான்றிதழ் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் கூடவே ஒரு புத்தகம். அப்படி மகள் பிறந்ததைப் பதிய வந்த ஒரு படகோட்டி, முறைக்காகக் காத்திருந்த நேரத்தில் அதைப் படித்துவிட்டார். அடுத்த வாரம் கிழிந்த வலையை ஒரு வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். வழக்கமாக அறுத்துக் கடலிலேயே போடுகிற வலை. இனி போட மனசு வரவில்லை, எங்கே கொட்டட்டும் என்று கேட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கொண்டுவர, வளாகமே மீன் நாற்றம் எடுத்து, மேலதிகாரி மூக்கைப் பிடித்துக்கொண்டு அக்காவைத் திட்டினார். திட்டு வாங்கிய அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அவள் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது கடைசிப் பக்கம். 'கரை ஒதுங்கிய உயிரைக் கண்டால் ஈரக் கையால் மெல்ல எடுத்துத் தண்ணீரில் விடு. அது வீட்டுக்குப் போகட்டும்.' குட்டி அதைத் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வாள்.

அடுத்த வருடம் மூன்று நாள் ஓயாமல் பெருங்காற்று அடித்தது. காற்று நின்ற மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் பதிப்புக்குப் புரூஃப் பார்க்க அக்கா அச்சகத்துக்கு வந்திருந்தாள். பில் புத்தகம் வாங்க வந்த ஒருவர் பேச்சுவாக்கில், கரை முழுக்க நீல நிறத்தில் பலூன் பலூனாக ஏதோ ஒதுங்கிக் கிடக்கிறது, பார்க்க அழகாக இருக்கிறது என்றார். அக்காவின் பென்சில் நின்றது. அதே நேரம் என் மனைவியிடமிருந்து போன் வந்தது. குட்டி பக்கெட்டை எடுத்துக்கொண்டு கூட்டாளிகளோடு கடற்கரைக்குப் போய்விட்டாள், எதையோ வீட்டுக்கு அனுப்பிவைக்கப் போவதாகப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள் என்றாள்.

"அது ஜெல்லிமீன் மாதிரிடா, கொட்டும்," என்று அக்கா எழுந்தாள். அதற்கு முந்தின கோடையில் குட்டியை ஒரு குளவி கொட்டியது. ஒரே ஒரு குளவி. கால் மணி நேரத்தில் முகம் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டு, பிழைத்தது மறுபிழைப்பு. இவளுக்கு எந்த விஷமும் ஆகாது, இன்னொரு முறை இப்படி வந்தால் என்னால் உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் அன்றைக்கே சொல்லியிருந்தார்.

ஸ்கூட்டரை எடுத்தேன். அக்கா பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்தாள், நகம் சட்டையைத் தாண்டி இறங்கியது. வழியெல்லாம் என் காதோரம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். சாமி கும்பிடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். கூர்ந்து கேட்டபோது வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. "நீல பலூனைத் தொடாதே. அதன் கீழே தொங்கும் நூல்களில் விஷம் இருக்கிறது. செத்துக் கிடந்தாலும் கொட்டும்." நான் தூக்கச் சொன்ன பக்கத்தை ஒரு எழுத்து விடாமல் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கரையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். சிலர் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள், சிலர் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் விரலை வாயில் வைத்துக்கொண்டு அழுதான். குட்டி முழங்கால் தண்ணீரில், பக்கெட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். பக்கெட் நிறைய நீலம். விளிம்புக்கு வெளியே நூல்கள் தொங்கி, அவள் முழங்கைக்கு ஒரு சாண் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தன.

நான் கத்தவேண்டும் என்று நினைத்தேன், குரல் வரவில்லை. ஓடவேண்டும் என்று நினைத்தேன், கால் வரவில்லை. பெற்ற தகப்பன் மணலில் மரம் மாதிரி நின்றேன். இதை எழுதுகிறபோதும் வெட்கமாக இருக்கிறது.

அக்கா செருப்போடு தண்ணீருக்குள் இறங்கினாள். கணுக்கால், முழங்கால், சேலை பாதி நனைந்தது. அவள் கத்தவில்லை. திடுக்கிட்டால் பிள்ளை பக்கெட்டை இன்னும் இறுக்கி அணைப்பாள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஜன்னலில் அடுத்த ஆளைக் கூப்பிடுகிற அதே குரலில் பேசினாள்.

"குட்டி, அப்படியே நில்லு. கைய அசைக்காத. பக்கெட்ட அத்தைகிட்ட குடு."

குட்டி நீட்டிய நேரத்தில் ஒரு அலை வந்தது. பக்கெட் குட்டி பக்கமாகவே சாய்ந்தது. அக்கா குறுக்கே கையை விட்டு அதைத் தாங்கிக்கொண்டாள். நூல்கள் அவள் மணிக்கட்டில் வளையல் மாதிரி சுற்றிக்கொண்டன. உதடு வெளுத்தது, சத்தம் வரவில்லை. அப்படியே பக்கெட்டைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மற்ற பிள்ளைகளையும் எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டு வெளியே வரச் சொன்னாள். எல்லோரும் வந்த பிறகுதான் மணலில் உட்கார்ந்தாள். கரையில் வலை தைத்துக்கொண்டிருந்த, முதல் வலை வண்டி கொண்டுவந்த அந்தப் படகோட்டி ஓடிவந்து கடல் தண்ணீரிலேயே அவள் கையை அலசி, ஒரு குச்சியால் நூல்களை எடுத்துவிட்டார்.

குட்டி மேல் ஒன்றும் படவில்லை. அவள் அழுதுகொண்டே கேட்டாள்.

"நீங்கதானே அத்தை எழுதினீங்க, வீட்டுக்கு அனுப்பணும்னு?"

"ஆமாடா கண்ணு. அத்தைதான் தப்பா எழுதிட்டேன்."

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. பள்ளிக்கூடத்தில் பெற்றோர்கள் கூடிக் கேட்டபோதும் அதையேதான் சொன்னாள். விரலில் கொட்டு வாங்கிய இரண்டு பிள்ளைகளின் வீட்டுக்கும் போய் அதையேதான் சொன்னாள். நான் பக்கத்திலேயே நின்றேன், வாயைத் திறக்கவில்லை.

விட்டுப்போன பக்கத்தை அந்த வாரமே தனியாக அடித்தேன். ஆயிரம் தாள், ஒட்டவேண்டியது ஆயிரம் புத்தகம். பள்ளிக்கூடத்துப் பிரதிகள் சுலபமாகக் கிடைத்தன. மற்றவற்றுக்காகப் பதிவேட்டில் முகவரி பார்த்து, கட்டுப் போட்ட கையோடு அக்கா வீடு வீடாக ஏறி இறங்கினாள். நான் பசை டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். இரண்டாம் பதிப்பு இருபது பக்கம். வெள்ளையாக நின்ற மூன்று பக்கத்தில் பிள்ளைகள் தாங்கள் பார்த்ததை வரைந்துகொள்ளட்டும் என்றாள். இப்போது வரைந்து நிரப்பிக்கொண்டு வந்து காட்டுகிறார்கள். வலை வண்டியும் வாரா வாரம் வருகிறது.

எல்லாம் சரிதான். ஆனால் பன்னிரண்டு புத்தகம் கிடைக்கவில்லை. வீடு மாறிப் போனவர்கள், ஊர் விட்டுப் போனவர்கள், எழுதிவைக்காமல் அவள் கொடுத்துவிட்டவர்கள். பதினாறே பக்கத்தோடு அவை யார் வீட்டு அலமாரியிலோ இருக்கின்றன, யார் மடியிலோ ஒரு பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

காற்று அடித்து ஓய்ந்த காலைகளில் அக்கா கடற்கரைக்குப் போய்விடுகிறாள். இப்போதெல்லாம் சுவரோரம் நிற்பதில்லை, தண்ணீர் ஓரமாகவே நடக்கிறாள். பயம் போய்விட்டதா என்று ஒரு முறை கேட்டேன். அவள் மணலில் நீலம் கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்தாள். ஜன்னலில் ஒரு பிள்ளையின் சாவைப் பதிய யாராவது வந்து தாளை நீட்டினால், முன்பெல்லாம் அவள் பெயரைத்தான் முதலில் படிப்பாள். இப்போது காரணத்தைப் படிக்கிறாள். படித்து முடிக்கும்வரை அவள் மூச்சு விடுவதில்லை என்று பக்கத்து ஜன்னல்காரர் என்னிடம் சொன்னார்.

நாளைக்கு அவள் ஜன்னலுக்குப் போய், அந்தப் பக்கத்தின்மேல் விரல் வைத்தவன் நான் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடப் போகிறேன். வெளியே காற்று எழும்பியிருக்கிறது.