கூடுதலாக ஒரு பிடி

ஈப்போ நகரில், புந்தோங் மலிவு விலை அடுக்குமாடியின் நான்காவது மாடியில் குடியிருக்கும் கலாதேவிக்கு ஊரார் பெற்ற பிள்ளைகளின் எடையெல்லாம் மனப்பாடம். கோலா கங்சார் பையன் மூன்று கிலோ நூற்றுப் பத்து. லூமுட் கடற்படைக் குடியிருப்பு இரட்டையரில் மூத்தது ஒரு கிலோ தொள்ளாயிரம், இளையது அதைவிட நாற்பது கிராம் கம்மி. யாருடைய முகத்தையும் அவள் பார்த்ததில்லை. பெயர்கூடச் சிலது மறந்துவிடும், எடை மறக்காது. அவள் பெற்றதும் ஒன்று உண்டு. அதன் எடை மட்டும் அவளுக்குத் தெரியாது.

வயது அறுபத்திரண்டு. தொழில், கரடி பொம்மை தைப்பது. பேரங்காடியில் மலைபோல் குவித்து வைத்திருப்பார்களே, தூக்கினால் காற்றாய் வருகிற கரடி, அது அல்ல. பிள்ளை பிறந்தபோது என்ன எடையோ அதே எடையில் ஒரு கரடி. பிள்ளை வளர்ந்து, பிடித்தால் நிற்காமல் ஓடுகிற வயதில், பெற்றவள் எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். சிலருக்குப் பிள்ளை வளர்வதே இல்லை. அவர்களும் கேட்பார்கள். போகப்போக அவர்கள்தான் அதிகம் கேட்டார்கள்.

இதைத் தொடங்கி வைத்தவள் துணிக்கடை ஆமினா. ஆமினாவுக்கு வாய் நீளம், மனசு அதைவிட நீளம். கலாதேவி தையல் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் இருந்துவிட்டு, ஆலை மூடியதும் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோது, கடையில் மிஞ்சிய ரோமத் துணியைக் கட்டிக் கொடுத்து எதையாவது தைக்கச் சொன்னாள். தைத்ததைப் படம் பிடித்துக் கைப்பேசியில் போட்டாள். ஆர்டர்கள் அவளுக்குத்தான் வரும். பெயர், எடை, துணியின் நிறம் மூன்றையும் துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருப்பாள்.

எடை ஏற்றுவது லேசான வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். முதலில் கலாதேவி பச்சைப்பயறு போட்டாள். ஈப்போ மழைக்கும் புழுக்கத்துக்கும் பயறு சும்மா இருக்குமா? மூன்றாவது மாதம் தைப்பிங்கில் ஒரு கரடியின் வயிற்றிலிருந்து வண்டு ஊர்ந்து வந்தது. அடுத்து பழைய ஈயச் சுரங்கக் குட்டை மணலை அலசிக் காயவைத்துப் போட்டாள். எத்தனை தடவை அலசினாலும் அந்த மணல் தூசு கக்கியது. கடைசியில்தான் கடுகு அளவு கண்ணாடி மணிக்கு வந்து சேர்ந்தாள். மணியை நேரே கொட்டக் கூடாது. கெட்டித் துணியில் சின்னச் சின்னப் பை தைத்து, மணியை நிரப்பி வாயை இரட்டைத் தையல் போட்டு மூடி, பிட்டத்தில் பெரும்பங்கு, வயிற்றில் கொஞ்சம், கால்களில் கொஞ்சம் வைத்து, சுற்றிலும் பஞ்சை அடைக்க வேண்டும். தலையிலும் ஒரு பை வைப்பாள். கைக்குழந்தைக்குத் தலைதான் கனம். தலை கனக்காத கரடி எத்தனை கிலோ இருந்தாலும் கையில் பிள்ளையாக விழாது.

தைத்து முடித்ததும் கரடியை மடியில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் தொலைக்காட்சி பார்ப்பாள். மணி எங்காவது கசிகிறதா என்று சோதிக்கிறாளாம். ஆமினாவிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள். இரட்டைத் தையல் போட்ட பையிலிருந்து மணி எப்படிக் கசியும்? கணவன் ராமையா போய் ஏழு வருடம் ஆகிறது. அரை டம்ளர் அரிசி போட்டால் இரண்டு வேளைக்கு வருகிறது. மின்தூக்கி மாதத்தில் பாதி நாள் ஓடுவதில்லை, அதனால் வருகிறவர்களும் கீழேயே நின்று பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள். மடியில் ஏதோ ஒன்று கனக்க உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு வேண்டியிருந்தது. மறுநாள் கரடியைக் கடையில் கொடுத்துவிட்டு வரும்போது முழங்கை வெறுமையாகத் தெரியும். அதற்கும் அவள் வேறு காரணம் வைத்திருந்தாள், மூட்டுவலி என்று.

அவளிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. தராசில் எடை சரியாக வந்த பிறகு, பையைத் தைப்பதற்கு முன், ஒரு பிடி மணியை அள்ளிப் போட்டுவிடுவாள். இது தோட்டத்தில் ஒட்டிக்கொண்டது. கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவள் அம்மா மரத்திலிருந்து சுரண்டிய ஒட்டுப்பால் மூட்டையை நிறுவைக்குக் கொண்டுபோகும்போது, கட்டிய மூட்டையை மறுபடி அவிழ்த்து ஒரு பிடி திணிப்பாள். எடை பார்க்கும் தோட்டத்துக் கணக்கர், கிராணி, எப்படியும் ஈரம் என்றும் குப்பை என்றும் கொஞ்சம் கழிப்பார். கழித்த பிறகும் குறையாமல் நிற்க வேண்டும் என்றால் முன்கூட்டியே ஒரு பிடி கூட இருக்க வேண்டும். அந்தத் தோட்டத்துப் பெண்கள் எல்லோருக்குமே இந்தக் கை இருந்தது. கலாதேவி அரிசி அளந்தாலும் மாவு அளந்தாலும் அந்தக் கடைசிப் பிடி தானாக விழும். குறைத்துக் கொடுத்துவிட்டாள் என்று ஒருவர் சொல்லிவிடக் கூடாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

சிலிம் ரிவர் பெண்ணின் சீட்டு மே மாதம் வந்தது. தினேஸ்வரி, வெள்ளைத் துணி, இரண்டு கிலோ முந்நூற்று நாற்பது. கீழே ஆமினா பென்சிலில் எழுதியிருந்தாள், பிள்ளை நான்கு நாள் இருந்தது என்று. கலாதேவி அந்தக் கரடிக்கு மற்றவற்றைவிட ஒரு நாள் அதிகம் எடுத்துக்கொண்டாள். மடியிலும் அதிக நேரம் வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தினேஸ்வரி கணவன் யுகேந்திரனோடு கடைக்கு வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. கலாதேவியும் போயிருந்தாள். அந்தப் பெண் கரடியை வாங்கி, தலை முழங்கையில் வருமாறு ஏந்திக்கொண்டு, கண்ணை மூடி நின்றாள். துணி பார்க்க வந்த இரண்டு பேர்கூடக் கையில் எடுத்ததை அப்படியே வைத்துவிட்டு நின்றார்கள்.

கண்ணைத் திறந்தபோது அவள் முகம் விழுந்துபோயிருந்தது.

"இது அவன் இல்ல ஆண்ட்டி. கொஞ்சம் கனமா இருக்கு."

யுகேந்திரன் சங்கடப்பட்டான். சொன்ன எடையில்தான் செய்திருப்பார்கள், வீட்டுக்குப் போகலாம் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். கலாதேவிக்கு ரோஷம் வந்துவிட்டது. நிறுத்துத்தான் போட்டேன், மூன்று வருடத்தில் ஒருவரும் குறை சொன்னதில்லை என்றாள். ஆமினா சமாதானமும் பேசவில்லை, பக்கமும் சாயவில்லை. உள்ளே போய்த் தராசை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள்.

இரண்டு கிலோ நானூற்றுப் பத்து.

எழுபது கிராம். சரியாக ஒரு பிடி. கலாதேவிக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் கூசிப்போயிற்று. மூன்று வருடமாக இப்படித்தான் கொடுத்திருக்கிறாள். கோலா கங்சார் பையனுக்கும் எழுபது கூட, லூமுட் இரட்டையருக்கும் ஆளுக்கு எழுபது கூட. குறையாமல் கொடுக்கிறேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டு, ஊரார் பிள்ளைகளையெல்லாம் வேறு பிள்ளைகளாக்கிக் கொடுத்திருக்கிறாள். மற்ற தாய்மாருக்கும் கையில் தெரிந்திருக்கும். சொல்லாமல் இருந்திருப்பார்கள்.

கடையின் பின்னறையில் உட்கார்ந்து முதுகுத் தையலைப் பிரித்தாள். தினேஸ்வரி பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தையல் பிரியும் வரைக்கும் ஏதாவது பேச வேண்டுமே என்று, கிராணியையும் ஒட்டுப்பால் மூட்டையையும் அம்மாவின் கையையும் பற்றிக் கலாதேவி சொன்னாள். அந்தப் பெண் லேசாகச் சிரித்தாள். பிறகு, வழக்கமாக எல்லோரும் கேட்பதைக் கேட்டாள், ஆண்ட்டிக்கு எத்தனை பிள்ளைகள் என்று.

அதற்குக் கலாதேவியிடம் முப்பத்தெட்டு வருடமாக ஒரே பதில்தான், இல்லை என்று. அன்றைக்கு வாயில் அது வரவில்லை.

"ஒண்ணு. ஒன்றரை நாள் இருந்தான்."

தினேஸ்வரி ஐயோ என்று சொல்லவில்லை. கையைப் பிடிக்கவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எவ்ளோ எடை ஆண்ட்டி?"

அதை யாரும் கேட்டதில்லை. பெற்றுப் பறிகொடுத்தவளுக்குத்தான் அப்படிக் கேட்கத் தோன்றும். கலாதேவி ஊசியை மேசைமேல் வைத்தாள்.

"நிறுக்கல மா."

மிச்சத்தை அவள் சொல்லவில்லை. எட்டாம் மாதமே தோட்டத்து லயத்து வீட்டில் விடியற்காலை பிறந்துவிட்டான். மருந்தகத்து டிரஸ்ஸர் வந்து பார்த்துவிட்டு, ஈப்போவுக்குக் கொண்டுபோகச் சொன்னார். லாரியோ ரப்பர் பால் ஏற்றி முடித்துத்தான் வரும். அதுவரைக்கும் அவனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள், வெயில் காலடிக்கு வரும் வரைக்கும். லாரி வரவே இல்லை. மறுநாள் சாயங்காலம் ராமையா வேட்டித் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனான். பெயர் வைக்கவில்லை. புதைத்த இடத்தில் செம்பனைத் தோட்டம் வந்து, அதுவும் போய், இப்போது தாமான் குடியிருப்பு வீடுகள் நிற்கின்றன. ஒரு வாளிப் பாலை நிறுக்காமல் விடாத தோட்டம் அது. மரத்தில் வழிந்து காய்ந்த ஒட்டுப்பாலைக்கூடச் சுரண்டி நிறுத்தார்கள். ஒரு பிள்ளையைத் தூக்கித் தராசில் வைக்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவனைத் தூக்கிய இன்னொருவன் ராமையாதான். எவ்வளவு கனம் இருந்தான் என்று அவனிடம் கேட்க வேண்டும், கேட்க வேண்டும் என்றே இருந்துவிட்டாள். அவனும் போய்விட்டான்.

ஒரு பிடி மணியை எடுத்துவிட்டுத் தைத்துக் கொடுத்தாள். தினேஸ்வரி மறுபடி ஏந்திக்கொண்டாள். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். யுகேந்திரன் வாசலுக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கிளம்பும்போது அவள் கலாதேவியின் எண்ணைக் கைப்பேசியில் பதிந்துகொண்டாள்.

"கைக்குத் தெரியும் ஆண்ட்டி. எனக்குத் தெரிஞ்சிச்சுல்ல. உங்க பிள்ளைக்கும் ஒண்ணு தச்சு எடுத்துப் பாருங்கலா."

இரண்டு நாள் கலாதேவி மணி டப்பாவைத் திறக்கவில்லை. தனக்கென்று ஒன்று தைத்துக்கொள்ள அவளுக்குப் பயமாக இருந்தது. கை மறந்திருந்தால்? அப்புறம் அந்த ஞாபகமும் இல்லை என்று ஆகிவிடும். தெரியாது என்பதோடு முப்பத்தெட்டு வருடம் ஓட்டிவிட்டாள், மிச்ச வருடத்தையும் ஓட்டிவிடலாம் என்றும் நினைத்துப் பார்த்தாள்.

புதன்கிழமை மதியம் மழை பிடித்துக்கொண்டது. மிஞ்சியிருந்த பழுப்புத் துணியில் சின்னதாக ஒரு கரடியை வெட்டித் தைத்துப் பஞ்சு அடைத்து, மணிப் பைகளை வாய் திறந்தபடி உள்ளே வைத்தாள். தராசை எடுத்துச் சமையல் மேடையில் கவிழ்த்து வைத்தாள், கண்ணில் பட வேண்டாம் என்று. கதவருகே தரையில் உட்கார்ந்து, கரடியின் தலையை இடது முழங்கையில் வைத்துக்கொண்டு, வலது கையால் மணியை அள்ளி அள்ளிப் போட்டாள். கொஞ்சம் போட்டு, தூக்கிப் பார்த்து, இல்லை என்று இன்னும் கொஞ்சம் போட்டாள். ஒரு கட்டத்தில் மிஞ்சிப்போய்விட்டது. யாரோ பெற்ற கொழுத்த பிள்ளை. எடுத்தாள். தலைக்குப் போட்டதில் கொஞ்சத்தைக் காலுக்கு மாற்றினாள். அது பொருந்தவில்லை, தலைக்கே திரும்பப் போட்டாள்.

பிறகு வந்துவிட்டது. எப்படி என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. முழங்கை மடிப்பு அந்தக் கனத்துக்குத் தானாகக் குழிந்து கொடுத்தது. வாசற்படியும், காலடிக்கு வந்த வெயிலும், லாரி வருகிறதா என்று பார்த்திருந்த அந்த வழியும் கூடவே வந்தன. கலாதேவி வாய்விட்டு அழுதாள். மழைச் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்காது.

அழுது முடித்துப் பையைத் தைக்கப் போகும்போது, வலது கை தன் பாட்டுக்கு டப்பாவுக்குள் போய் ஒரு பிடி அள்ளிவிட்டது. அந்தப் பிடியை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கழிப்பதற்கு இனி யாரும் இல்லை. டப்பாவிலேயே கொட்டி மூடினாள்.

தைத்து முடித்ததும் தராசை நிமிர்த்தி அவனை அதில் கிடத்தினாள். எண்கள் ஓடி ஓடி ஓரிடத்தில் நின்றன. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தாள்.

அவளுக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வீட்டில் ஆள் இல்லை. ஆமினாவிடம் சொன்னால் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். கைப்பேசியை எடுத்து, சிலிம் ரிவர் பெண்ணின் பெயரைத் தேடி, குரல் பதிவை அழுத்தினாள்.

"ஒரு கிலோ எண்ணூத்தி அறுபது மா," என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு போதும். கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, மகனைத் தராசிலிருந்து எடுத்துக்கொண்டாள்.