மூன்று ஆப்பிளின் விலை

சுவால்கி சந்தையிலிருந்து வந்ததும் எல்வீரா மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் பைகளைச் சமையலறை மேசையில் கவிழ்ப்பாள். பிறகு காகித நாடாவைத் துண்டு துண்டாகக் கிழித்து ஒட்ட ஆரம்பிப்பாள். வெண்ணெய்க்கு ஒன்று, முட்டை அட்டைக்கு ஒன்று, சலவைத் தூளுக்கு ஒன்று. ஒவ்வொரு நாடாவிலும் மூன்று எண்கள். மேலே எங்கள் ஊர் லாஸ்தியய் விலை, நடுவில் எல்லை தாண்டிப் போலந்தில் இருக்கும் சுவால்கி விலை, கீழே நார்வேயில் பெர்கன் நகர விலை. போலந்து ஸ்லோட்டியும் நார்வே குரோனும் யூரோவாக மாறி, எல்லாம் கிலோ கணக்கில் இருக்கும். அவள் வீட்டுக் குளிர்பெட்டியைத் திறந்தால் பால்கூட மூன்று விலையோடு நம்மைப் பார்க்கும்.

சனிக்கிழமை காலை வேனேறி சுவால்கிக்குப் போவது எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் பழக்கம்தான். வெண்ணெயும் இறைச்சியும் அங்கே மலிவு. வாங்கி வந்து சமைத்துவிட்டு மறந்துவிடுவோம். எல்வீரா மறக்கமாட்டாள். பால் கூட்டுறவில் முப்பது வருடம் எடை போட்டவள் அவள். இப்போது அறுபத்தாறு வயது. யார் எந்த விலையைச் சொன்னாலும், "கிலோவுக்கு எவ்வளவு? அதச் சொல்லு மொதல்ல" என்பாள். என் தங்கையின் கல்யாண மோதிரத்துக்கும் அதே கேள்விதான்.

"என்னக் கட்டிக்கறப்பவும் எங்கம்மாகிட்ட அதத்தான் கேட்டா" என்பார் அவள் கணவர் ஸிக்மஸ்.

"கேட்டிருந்தா உன்ன எடுத்திருக்கவே மாட்டேன். முக்காவாசி எலும்பு."

பெர்கன் விலைகளை அனுப்புகிறவள் அவர்களுடைய ஒரே மகள் நெரிங்கா. பதினோரு வருடத்துக்கு முன் ஊரைவிட்டுப் போகும்போது, "இங்க வாங்குற சம்பளத்துக்கும் விக்கிற விலைக்கும் கட்டுப்படியாகலம்மா. கட்டுப்படியாகுற அன்னைக்கு வந்துடறேன்" என்று பேருந்துப் படியில் நின்று சொன்னாள். போகிற எல்லோரும் சொல்வதுதான். ஸ்ட்ராபெரி பறிக்க இரண்டு கோடை நார்வேக்குப் போனபோது நானும் என் அம்மாவிடம் ஏதோ சொல்லிவிட்டுத்தான் போனேன். என் அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்வீரா எடுத்துக்கொண்டாள். மகள் ஒரு நிபந்தனை சொல்லியிருக்கிறாள். அது எப்போது நிறைவேறும் என்று யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமல்லவா?

வெள்ளிக்கிழமைதோறும் நெரிங்கா கடை ரசீதைப் படமெடுத்து அனுப்புவாள். திங்களன்று எல்வீரா அதை நான் வேலை பார்க்கும் நூலகத்துக்குக் கொண்டுவந்து தாளில் அச்செடுப்பாள்.

"ஒரு பக்கத்துக்குப் பத்து சென்ட்டா? சுவால்கியில எவ்வளவுன்னு தெரியுமாடி?"

"அங்கயே போய் எடுத்துக்குங்க எல்வீராக்கா."

"வேன் காசு யாரு குடுப்பா, நீயா?"

காசைக் கொடுத்துவிட்டு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ரசீதை மேலிருந்து கீழ்வரை படிப்பாள். அவளுக்கு நார்வே மொழி தெரியாது. கடைச் சாமான்களின் பெயரும் ஒன்று முதல் பத்துவரை எண்களும் தெரியும். அங்கே எது விலை ஏறினாலும் அவள் முகம் தெளிந்துவிடும். "மீன் புடிக்கிற ஊர்ல மீனு விக்கிற விலையப் பாரு!" என்று தொடையில் தட்டிக்கொள்வாள். ஒரு வாரம் நார்வே வெண்ணெய் எங்கள் ஊர் வெண்ணெயைவிட மலிவாகிப்போனது. அன்று ராத்திரிவரை அந்த எண்ணையே திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்தாள் என்று ஸிக்மஸ் சொன்னார்.

வர்ஷ்கேக்கு மட்டும் மூன்றாவது எண் கிடையாது. புளித்த பாலை வடித்துக் கட்டுகிற பாலாடைக்கட்டி அது. எங்களுக்கு அது இல்லாமல் காலை உணவு இறங்காது. அங்கே கிடைப்பதில் ஏதோ ஒன்றை நெரிங்கா அதற்கு ஈடாகச் சொன்னாள். "அது வர்ஷ்கே இல்ல. தண்ணியில மிதக்குற வெள்ளைக் கட்டி. அதுக்கு வெலையே சொல்லாத" என்று எல்வீரா மறுத்துவிட்டாள். அந்த இடம் பதினோரு வருடமாகக் காலியாக இருக்கிறது.

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, வேனில் ஏறியதுமே, திங்கள்வரை பொறுக்காமல் முந்தின நாள் மாலையே நான் இல்லாத நேரத்தில் நூலகத்தில் அச்செடுத்திருந்த ரசீதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. பெர்கன்ல மூணு ஆப்பிள் முன்னூத்தி நாப்பத்தொம்பது குரோன். முப்பது யூரோ!"

"கிலோவுக்கா?" என்று பின் இருக்கையிலிருந்து ஸ்டெஃபா சீண்டினாள்.

"கிலோவுக்கு இல்லடி, மூணுக்கு! எப்லென்னா ஆப்பிள். த்ரேன்னா மூணு. கண்ணு இருந்தா வந்து பாரு."

ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "என் தோட்டத்துல கீழ விழுந்து அழுகுதே. ஒரு வேன் ரொப்பி அனுப்பிடவா?"

"வேண்டாம்பா. அனுப்பினா அவ அங்கயே இருந்துடுவா."

வேனே சிரித்தது. எல்வீராவும் சிரித்தாள். ஆனால் அவள் சிரிப்பில் வேறு ஏதோ இருந்தது. பரீட்சையில் தேறிய பிள்ளையின் முகம் போல. ஆப்பிள்கூட வாங்க முடியாத ஊரில் ஒருத்தி எத்தனை நாள் இருப்பாள் என்று அவள் மனது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

ரசீதை என்னிடம் நீட்டினாள். எப்லெத்ரே, ஒன்று, 349. பிரிக்காமல் ஒரே சொல்லாக இருந்தது. அந்த மொழியில் த்ரே என்றால் மூன்றுதான். மரத்துக்கும் அதே சொல். ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் முதல் வாரமே நானும் இதில் தடுக்கி விழுந்து சிரிப்புக்கு ஆளாகியிருக்கிறேன். நெரிங்கா வாங்கியிருந்தது ஒரு ஆப்பிள் மரக் கன்று.

மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

"என்னடி யொலாந்தா, வாயடைச்சுப் போச்சா?"

"ஆமாக்கா. வெலை ஜாஸ்திதான்" என்றேன்.

திங்களன்று அவள் நூலகத்துக்கு வர மதியமாகிவிட்டது. ஊர் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டு வந்திருந்தாள். நெரிங்கா பெர்கனில் வேலை பார்ப்பதும் அப்படி ஒரு இல்லத்தில்தான். சம்பளம் எவ்வளவு, இடம் காலி இருக்கிறதா என்று மேலாளரைக் குடைந்தெடுத்து, விவரம் எழுதிய தாளைக் கையுறையின் உள்பக்கத்தில் சுருட்டி வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"இங்கயும் இப்ப சம்பளத்த ஏத்திட்டாங்களாம். வீட்டு வாடகை, வெண்ணெய், இந்த ஆப்பிள் எல்லாத்தையும் சேத்துப் பாத்துட்டேன். கட்டுப்படியாகுதுடி. மொத தடவையா கட்டுப்படியாகுது."

அப்போது சொல்லியிருக்கலாம். அச்சு இயந்திரத்தின் மூடியைத் திறந்து, மை தீர்ந்துவிட்டதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் சாப்பிடக் கூப்பிட்டாள். "சாட்சிக்கு ஒரு ஆள் வேணும். நாளைக்கு அவ பேச்ச மாத்தக் கூடாதுல்ல?" மேசையில் உருளைக்கிழங்கு உருண்டைகள் ஆவி பறந்துகொண்டிருந்தன. கைபேசியைப் புளிப்புப் பாலேடு கிண்ணத்தில் சாய்த்து நிறுத்தியிருந்தாள். திரையில் நெரிங்கா மழைச்சட்டைத் தொப்பியோடு வீட்டுக்கு வெளியே நின்றாள். அங்கே மழை.

எல்வீரா நிமிர்ந்து உட்கார்ந்து, ஊராட்சிக் கூட்டத்தில் பேசுகிறவள்போல் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சம்பளம் இவ்வளவு, வாடகை இவ்வளவு, வெண்ணெயில் மட்டும் நாங்கள் தோற்கிறோம், அதற்கு சுவால்கி இருக்கிறது. கடைசியாக ஆப்பிளுக்கு வந்தாள்.

"மூணு ஆப்பிளா?" நெரிங்கா ஒரு கணம் விழித்தாள். பிறகு வெடித்துச் சிரித்தாள். "ஐயோ அம்மா! அது மூணு இல்ல, மரம்! ஆப்பிள் மரம்!"

படம் ஆடியது. சாக்குத் துணி சுற்றிய வேரோடு ஒரு குச்சி சுவரில் சாய்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு மண்வெட்டி.

"வீட்டுக்குப் பின்னால கொஞ்சம் இடம் கெடச்சுது. இன்னைக்குத்தான் நடப்போறேன். அப்பா, பாத்தீங்களா?"

ஸிக்மஸ் சிரிக்க ஆரம்பித்து, மனைவியின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"எப்பக் காய்க்குமாம்?" என்று எல்வீரா கேட்டாள்.

"நாலு வருஷம் ஆகும்னான் கடைக்காரன். அஞ்சுகூட ஆகலாமாம்."

எல்வீரா என் பக்கம் திரும்பினாள். கோபமாக இல்லை. உனக்கு முன்னமே தெரியுமா என்று மட்டும் அந்தப் பார்வை கேட்டது. நான் தட்டைப் பார்த்தேன்.

"அம்மா, உன்கிட்டதான் கேக்கணும்னு இருந்தேன்" என்றாள் நெரிங்கா. அவள் குரலில் மழையையும் மீறிய ஒரு சந்தோஷம் இருந்தது. "குழி எவ்வளவு ஆழம் எடுக்கணும்? ஒட்டுக் கட்டின எடம் மண்ணுக்கு மேல இருக்கணுமா, உள்ள போகணுமா?"

அந்த வீட்டுத் தோட்டத்தில் நிற்கும் ஏழு மரங்களையும் நட்டவள் எல்வீராதான். ஸிக்மஸ் முட்டுக் கம்பு பிடித்தவர், அவ்வளவுதான். அவர் இப்போது அவளைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

எல்வீரா எழுந்தாள். இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியின் ஓரத்தை எடுத்துக் கைபேசித் திரையில் மகளின் முகத்தின்மேல் தெரிந்த தண்ணீர்த் துளிகளைத் துடைத்தாள். துளிகள் போகவில்லை, அவை அந்தப் பக்கத்து மழை. இன்னொரு முறை, கொஞ்சம் அழுத்தித் துடைத்தாள். பிறகு துணியை விட்டுவிட்டுத் தோட்டத்துக் கதவை நோக்கி நடந்தாள்.

"அம்மா? கேக்குதா? எவ்வளவு ஆழம்?"

கதவு அவளுக்குப் பின்னால் மெதுவாகச் சாத்திக்கொண்டது.